துஷ்டி அண்ணாச்சியும் என் மாமனார் வண்டியும்

நல்ல செய்தி என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதை இன்றுவரை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் விருதுநகரில்தான் இருக்கிறார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ‘துஷ்டி அண்ணாச்சி’ என்று கேட்டால் மிளகாய் வத்தல் மூட்டை சுமந்துகொண்டு போகிறவர்கூட நின்று வழி சொல்வார்.

எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போய் விசாரிப்பதைத் துஷ்டி கேட்பது என்போம். அண்ணாச்சியின் தொழில் வேறு. பைக் எஞ்சினுக்கு போர் போடுகிறவர். தேய்ந்துபோன சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து கொஞ்சம் அகலமாக்கி, அந்த அகலத்துக்கு ஏற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்தித் தருவார். ஆனால் சிலிண்டரைக் கையில் வாங்குகிற விதம் இருக்கிறதே, அது அப்படியே இழவு வீட்டுக்குள் நுழைகிற விதம். தோள் துண்டு இடுப்புக்கு இறங்கும். விரலை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றுவார். கண்ணை மூடுவார்.

“எப்ப தம்பி ஆச்சு?”

“நேத்து சாயங்காலம், அண்ணாச்சி.”

“கூட யாரு இருந்தா?”

பக்கத்துக் கடைக்கு கிளட்ச் வயர் வாங்க வந்தவர்கூட மூக்கைச் சிந்திவிட்டுப் போவார்.

ஒரு பால்காரர் வண்டியைப் பார்த்து, “மழைக்காலம் தாண்டாது” என்று அண்ணாச்சி சொல்லி வருஷக்கணக்கில் ஆகிறது. அது இன்னும் தினமும் பட்டறை வழியாகத்தான் போகிறது. சத்தம் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். “சாவ மாட்டேங்குதே சனியன். ஒரு மனுசன் சொன்ன சொல்லுக்கு மரியாத வேண்டாமா?”

இந்த மனிதரிடம் நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் மச்சினன்.

என் மாமனார் மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரர். மகளைக் கட்டிக் கொடுத்த அன்று, “பாத்துக்கோங்க மாப்ளே” என்றதோடு முடித்துக்கொண்டவர். கண் ஆபரேஷனுக்கு மெட்ராஸ் போகும்போது தன் பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கின் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, தெருமுனை வரை புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். ரயில் ஏறியும் ஜன்னல் வழியாகச் சொன்னார்.

அந்த வண்டியைத்தான் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மச்சினன், லீவுக்கு வந்த இடத்தில், சிவகாசிக்கு ஒரு ரவுண்டு என்று எடுத்துக்கொண்டு போனான். மத்தியானம் போன் வந்தது.

“அத்தான், ஆனைக்குட்டம் தாண்டி வண்டி நின்னுருச்சு. கிக்கர் எறங்கவே மாட்டேங்குது. கல்லு மாதிரி இருக்கு.”

“பெட்ரோல் போட்டியாலே?”

“புல் டேங்க் போட்டேன் அத்தான்.”

“கூட ஆயில் ஊத்துனியா?”

“எந்த ஆயிலு?”

அந்த ‘எந்த’வைக் கேட்டதும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றாவிட்டால் பிஸ்டன் காய்ந்துபோய்ச் சுவரைக் கவ்விக்கொள்ளும். கவ்விவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை காலை ரயிலில் மாமனார் வருகிறார். ‘ஸ்டேஷனுக்கு வண்டியக் கொண்டாந்துருங்க. கண்ணு பளிச்சுன்னு இருக்கு. நானே ஓட்டிட்டு வாறேன்’ என்று போனில் சொல்லியும் விட்டார்.

அன்றைக்கு எனக்குத் தோன்றிய யோசனைகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். கோவில்பட்டியில் வேறு பெயரில் வேலை தேடுவது. வண்டி திருடுபோனதாகப் புகார் கொடுப்பது. மாமனார் கண்ணில் இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருப்பதாக டாக்டரைச் சொல்லவைப்பது. இதில் மூன்றாவதுக்கு டாக்டரின் நம்பரைக்கூடத் தேடினேன்.

மெக்கானிக்கை விட்டுக் கழற்றி நான் கொண்டுபோன சிலிண்டரை அண்ணாச்சி வாங்கினார். துண்டு இறங்கியது. விரல் சுற்றியது. வழக்கமான கேள்விகளைக்கூட அவர் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ரயிலைப் பற்றி நான் சொன்னதும் என் தோளில் கை வைத்தார்.

ஓவர்சைஸ் என்கிற பெரிய பிஸ்டன்கள் நாலு படியாக வரும். ஒவ்வொரு படியும் முந்தியதைவிடக் கால் மில்லிமீட்டர் பெரிது. மாமனார் வண்டி ஏற்கெனவே இரண்டாவதில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவசரத்தில் மூன்றாவதை மதுரையில் வாங்கி வந்திருந்தேன்.

“மூணாவதுல இந்தக் கீறல் போவாது தம்பி. அம்புட்டு ஆளம். நாலாவது போடணும். அதுக்கு மேல பிஸ்டனும் கெடையாது, சொவரும் கெடையாது.”

“டைட்டாவே போட்ருங்க அண்ணாச்சி, புது வண்டி மாதிரி இருக்கட்டும்.”

“டைட்டாப் போட்டா சூடேறி மறுபடி கவ்விரும்.”

“அப்ப லூசா…”

“டக்கு டக்குன்னு தட்டும். ஒங்க மாமனாரு மொதலாளி ஸ்டேஷன் வாசல்லயே கண்டுபிடிச்சுருவாக.”

“சரி, சரியாப் போட்டா?”

“சரியாப் போட்டாலும் கொஞ்ச நாளைக்கு மெதுவாத்தான் ஓட்டணும். அவுக முறுக்குவாக.” பெருமூச்சு விட்டார். “முடிஞ்சுரும்.”

நாலாவது பிஸ்டனை சிவகாசியில் ஒரு பழைய ஸ்பேர் கடையில் பிடித்து, உச்சி வெயிலில் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாச்சி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சிலிண்டரையும் அதையும் ஒன்றாக மேசையில் வைத்து, டேபிள் பேனை அவற்றின் பக்கம் திருப்பினார். எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. பேன் எனக்கில்லை.

“அளக்கலியா அண்ணாச்சி?”

“வெயில்ல வந்தது வீங்கியிருக்கும். ரெண்டும் ஒரே சூட்டுக்கு வரட்டும். நாளைக்குக் காலைல.”

“நாளைக்கு வியாழக்கிழமை!”

“வியாளக்கெளமையும் நாள்தான தம்பி.”

மறுநாள் காலை கடைந்தார். அளந்தார். மறுபடி அளந்தார். டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் ஜன்னல் மாதிரி துவாரங்கள் இருக்கும். அவற்றின் கூரான ஓரங்களில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் மாட்டி ஒடியாமல் இருக்க, பிள்ளைக்கு நகம் வெட்டுவதுபோல் ஒவ்வொன்றாக மழுக்கினார். மெக்கானிக் எஞ்சினைப் பூட்டி உதைத்ததும், வண்டி பழைய குரலிலேயே பேசியது. அண்ணாச்சி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“நல்லா வந்துருக்கு.”

எனக்கு இருந்த நம்பிக்கையும் போய்விட்டது. அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை ஊரில் யாரும் கேட்டதில்லை. டாக்டர் திடீரென்று, ‘ஆசப்பட்டதைச் சாப்பிடுங்க’ என்று சொன்னதுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. வண்டியை ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவிட்டு, உண்மையைச் சொல்வதா, பொய் சொல்வதா, வாந்தி எடுப்பதா என்று யோசித்தபடி பிளாட்பாரத்துக்குப் போனேன். மச்சினன் டீக்கடைக்குப் பின்னால் நின்றான். ரயில் வந்தது. கறுப்புக் கண்ணாடியோடு மாமனார் இறங்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எனக்குப் பின்னால் பார்த்தார். கையில் இருந்த பை நழுவியது.

இடுப்பில் துண்டோடு அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார்.

“யாருய்யா போனது?” என்றார் மாமனார்.

“வண்டிதான் மொதலாளி.”

“உசுரு?”

“இருக்கு. நாலாவது ஓவர்சைஸ். இதான் கடைசி. கொஞ்ச நாளைக்கு முறுக்காம ஓட்டுங்க. முறுக்குறதுன்னா சொல்லிவிட்டுட்டு முறுக்குங்க, நான் கெளம்பி வந்துருறேன்.”

“ஓட்டுனது யாரு?”

நான் தண்டவாளத்தைப் பார்த்தேன்.

“எண்ணெயில்லாம ஓடிருக்கு. அம்புட்டுத்தான் தெரியுது. ஓட்டுனவன் பேரு சிலிண்டருக்குள்ள இருக்காது மொதலாளி.”

மாமனார் கண்ணாடியைத் தூக்கித் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நாளைக்குக் கண்ணில் நீர் வடியும் என்று டாக்டர் சொன்னாராம். வாசலுக்கு வந்து டேங்கைத் தடவினார். பிறகு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“நீங்களே ஓட்டுங்க மாப்ளே. பையப் போங்க.”

பையத்தான் போனேன். இட்லிப் பொட்டலத்தோடு நடந்து போன ஒருவர் எங்களை முந்தினார்.

பிறகு ஒருநாள் பட்டறைக்குப் போனபோது, “ஏன் அண்ணாச்சி ஸ்டேஷனுக்கு வந்தீக?” என்று கேட்டேன். சிலிண்டரிலிருந்து அவர் தலையைத் தூக்கவில்லை.

“நீங்க சொல்ல மாட்டீகன்னு தெரியும். ஒங்க மூஞ்சிக்கு அது வராது. சரி, எனக்கு வரும்ல?”

இப்போதும் வீட்டிலோ ஆபீசிலோ யாருக்காவது கெட்ட சேதி சொல்ல வேண்டியிருந்தால், போகிற வழியில் அந்தப் பட்டறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். என்ன ஏது என்று அவர் கேட்பதில்லை. டேபிள் பேனை மட்டும் என் பக்கம் திருப்பி வைப்பார்.