பச்சைக் காரும் காளி கோயில் மாலையும்

ஒரு கார் எங்கெங்கே ஓடியது, யாரை வென்றது, எந்த வளைவில் கவிழ்ந்தது என்றெல்லாம் எழுதி வைப்பதற்கும் உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். தாராளமாக எழுதட்டும். சரியாக எழுத வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

போன மாதம் லண்டனிலிருக்கும் என் தங்கையின் மகன் பழைய பந்தயக் கார்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை அனுப்பியிருந்தான். அதில் எங்கள் பச்சைக் காருக்கு ஒரு முழுப் பக்கம். இங்கிலாந்தில் ஒரு முறை முதலிடம் வந்தது, கப்பலேறி இங்கே வந்தது, மலைநாட்டு ஏற்றப் போட்டியில் தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்தது, எல்லாம் இருக்கிறது. கடைசி வரி மட்டும் இப்படி: ‘திருகோணமலை. ஓட்டத்தை முடிக்கவில்லை.’

முடிக்கவில்லையாம். ஓட்டியவன் நான். முடித்தவனும் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

அந்தக் காரை இங்கே வைத்திருந்தவர் ஒரு வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி. வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, காரைப் பழுது பார்த்துவந்த என் மாமாவிடமே விட்டுப் போனார். மாமாவுக்கு ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு கராஜ். காருக்குக் கதவு இல்லை, கூரை இல்லை. நீண்ட மூக்கைத் தோல் வாரால் இழுத்துக் கட்டியிருக்கும். உள்ளே இரண்டு பேர் இருக்கலாம். இரண்டு பேரும் மெலிந்தவர்களாகவும் நெருங்கிய உறவாகவும் இருப்பது நல்லது. அதன் வெற்றிகளை மாமா கோயிலில் புராணம் படிப்பவரைப்போல நிறுத்தி நிறுத்திச் சொல்லுவார். தேயிலைக்குள் பாய்ந்த கட்டம் வந்தால் குரல் தழுதழுக்கும்.

சீனக்குடா விமான ஓடுபாதையில் ஒரு மோட்டார்ப் போட்டி என்று கேள்விப்பட்டதும் மாமா பேர் கொடுத்துவிட்டார். அவருடைய வயிறு ஸ்டியரிங்குக்குப் பின்னால் அடங்காது. துறைமுகக் கந்தோரில் கிளாக்காக இருந்த எனக்கோ அப்போது வயிறு என்று சொல்ல எதுவும் இல்லை. (இப்போது இருக்கிறது. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.)

போட்டிக்கு முதல் நாள் மாமா இன்னொரு குண்டைப் போட்டார்.

“கட்டைபறிச்சானிலை இருந்து பொம்பிளை வீட்டார் போட்டிக்கு உன்னைப் பாக்க வருகினம். ஆர் எண்டு சொல்லமாட்டன். சொன்னால் நீ அங்கையே பாத்துக்கொண்டு ஓடுவாய்.”

மாப்பிள்ளையை அவனுக்குத் தெரியாமல் கோயில் வீதியிலோ கந்தோர் வாசலிலோ நின்று பார்த்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படிப் பார்த்துவிட்டுப் போன இரண்டு குடும்பங்கள் திரும்பி வரவேயில்லை. இதுவும் குழம்பினால் இனி யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று அம்மா அழுதுகொண்டிருந்தார். எனக்கும் உள்ளூரப் பயம்தான். வென்றால் பெண் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மாமி காளி கோயில் மாலையோடு வந்தார். தொடை மொத்தத்தில் செவ்வரத்தையும் அலரியும் கட்டிய மாலை. நாலு சில்லுக்கும் எலுமிச்சங்காய் வைத்து, காரைச் சுற்றித் தேங்காய் அடித்துவிட்டு, மாலையைக் காரின் வாயிலே, ரேடியேற்றருக்கு முன்னால் இருந்த கம்பி வலையில், இடைவெளி விடாமல் கட்டினார்.

“மாமி, அது காத்துப் போற இடம்.”

“சாமிக்குப் போட்ட மாலை தம்பி. ஓடி முடியுமட்டும் கழட்டப்பிடாது.”

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா ரேடியேற்றரைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். “ஓம், கிடக்கட்டும்” என்றார். (எஞ்சினைப் பற்றித் தெரியாதவரா? தெரியும். ஆனால் அன்றிரவு அவர் எஞ்சினோடு வீட்டுக்குப் போக முடியாதே.)

முதல் இரண்டு சுற்றும் நான் இரண்டாவதாக ஓடினேன். இதைப் புத்தகம் எழுதியவர் குறித்துக்கொள்ளட்டும். எனக்குப் பின்னால் தோட்டத்துத் துரைமாரின் கார்கள். கடைசியில் கிண்ணியா ஹனிபா, வாடகைக்கு ஓடுகிற தன் பழைய காரில். மூன்றாம் சுற்றில் பூ அவிகிற மணம் வந்தது. பிறகு முன்னால் பாதை தெரியவில்லை. வெள்ளையாய் ஆவி, அதற்குள் அங்கங்கே செவ்வரத்தை.

சனங்கள் நின்ற ஓரத்தில் நிறுத்தினேன். தண்ணீர் வண்டி ஓடுபாதையின் மற்ற அந்தத்தில் நின்றது. எனக்கு எதிரே ஒரு பெரியவர் குடை பிடித்தபடி கதிரையில் இருந்தார். காலடியில் ஒரு குலை செவ்விளநீர். பக்கத்தில் ஒரு பெண். சுடுகிற ரேடியேற்றர் மூடியைத் திறக்கத் துணி வேண்டும். சட்டையைக் கழற்றினேன். மூடி திறந்ததும் ஆவி சீறிக்கொண்டு போய்ப் பெரியவரின் குடையைத் தூக்கியது.

“ஐயா, அந்த இளநீரைத் தாங்கோ.”

“இது என்ர வயித்துப் புண்ணுக்குக் கொண்டந்தது, தம்பி.”

“இப்ப காருக்குத்தான் வயித்துப் புண். உங்கட கதையைப் பிறகு கேக்கிறன், கெதியாத் தாங்கோ.”

பெரியவர் குலையைக் காலால் தன் பக்கம் இழுத்தார். அந்தப் பெண்தான் கத்தியை எடுத்து ஒன்றைச் சீவி நீட்டினாள். பிறகு இன்னொன்று. நான் பெனியனோடு நின்று ஊற்ற, ரேடியேற்றருக்குள் பாயசம் காய்ச்சுவதுபோல ஒரு சத்தம். ஹனிபா பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தான்.

“மச்சான், ஏத்திக்கொண்டு போகட்டா?”

அவன் காரின் பின் சீற்றில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஓடுபாதையில் கைகாட்டிய யாரையோ ஏற்றியிருக்கிறான். அவன் முடித்தவனாம். நான் முடிக்காதவனாம். நியாயத்தைப் பாருங்கள்.

மாலையை அப்போதாவது கழற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தூரத்தில் மாமி ஆள்காட்டி விரலை ஆட்டிக்கொண்டு நின்றார்.

ஓடுவதும் நிற்பதும் ஆறவைப்பதுமாய் மிச்சச் சுற்றுகளை ஓடினேன். எல்லாச் சுற்றும். முடிவுக் கோட்டுக்கு வந்தபோது கொடி பிடித்தவர் கொடியைச் சுருட்டிவிட்டார். நடத்தியவர்கள் எல்லோரும் கொட்டிலுக்குள் சாப்பாட்டில் இருந்தார்கள். சுண்ணாம்புக் கோடு மட்டும் கிடந்தது. அதை நான் தாண்டினேன். தாண்டியபோது கோட்டடியில் நின்றது ஒரே ஓர் ஆள், கையில் ஒரு செவ்விளநீரோடு.

“இன்னும் ஒண்டு தேவைப்படும் எண்டு நினைச்சனான்” என்றாள் அந்தப் பெண்.

“பிள்ளை, மூதூர் லாஞ்சி போகப்போகுது” என்று பெரியவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். மூதூர் என்ற சொல் காதில் விழுந்ததும்தான் அவர்கள் யார் என்று எனக்குப் பிடிபட்டது. படகில் போய் மூதூரில் இறங்கித்தான் கட்டைபறிச்சானுக்குப் போகவேண்டும். சட்டையைத் தேடினேன். அது மூன்றாம் சுற்றிலேயே கிடந்தது.

அடுத்த கிழமை சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். பெண் பிடிவாதமாம். பெரியவர் ஒரே நிபந்தனைதான் போட்டார்: மாப்பிள்ளை அந்தக் காரில் வரக்கூடாது. சாகுமட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தால் தன் இளநீரைக் கதிரைக்குக் கீழே, இரண்டு காலுக்கும் நடுவில்தான் வைத்துக்கொள்ளுவார். காரை மாமா கொழும்பில் ஒருவருக்கு விற்றார். வாங்கியவர் நெடுநாள் எஞ்சினை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

புத்தகம் வந்த அன்று நான் அதைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்க் கத்தினேன்.

“முடிக்கேல்லையாம். அச்சிலை போட்டிருக்கிறான்.”

“நான் பாத்தனான் தானே” என்றாள் மனைவி, வெங்காயம் வெட்டியபடி. “பிறகென்ன?”

“நீ பாத்ததைப் புத்தகத்திலை போடுவினமோ?”

அந்த நேரம் பார்த்து அடுப்பில் கேத்தில் அந்தப் பச்சைக் காரைப்போலவே சீறத் தொடங்கியது. இருபது வருடமாக எங்கள் வீட்டில் கேத்தில் சீறினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. முன் அறையிலிருந்து மகன் குரல் கொடுத்தான்.

“அம்மா, அப்பா வந்திட்டார். இளநீரோடை கோட்டடிக்குப் போங்கோ.”