பானெட் மூடும்வரை பட்டினி

தமிழ்நாட்டில் காருக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். காருக்காகப் பட்டினி கிடப்பவர், ராஜபாளையம் தென்காசி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் பத்தியம் ஒருவர்தான். பானெட்டைத் திறந்துவிட்டால் மூடும்வரை பச்சைத் தண்ணீர் தவிர வேறெதையும் வாயில் வைக்க மாட்டார். "வயித்தைக் கீறிப் போட்டுட்டு டாக்டரு புரோட்டா திம்பாரா?" என்பது அவர் கட்சி. உண்மையான பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் பத்தியம். பொறாமைக்காரர்கள் முதல் எழுத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வதும் உண்டு.

அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. வண்டியைச் சோதிக்கும்போது சொந்தக்காரர் பக்கத்தில் நிற்கக்கூடாது. "ஓனரு நின்னா வண்டி உண்மையைச் சொல்லாது சார். பயப்படும்." ஆலங்குளத்து லாரி முதலாளி ஒருவர் நகர மறுத்தார். பத்தியம் வாதாடவில்லை. முதலாளியை அங்கேயே விட்டுவிட்டு, லாரியை அடுத்த தெருவுக்கு ஓட்டிப்போய் விசாரித்துவிட்டு வந்தார்.

நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எதற்கும் ஒரு முறை உண்டு, முறைக்கு ஒரு வரிசை உண்டு என்று நம்பியே தலை நரைத்தவன். பத்தியத்தின் முறை எந்தக் கையேட்டிலும் கிடையாது. அதை உடைக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான், அவர் மனைவி பேச்சியம்மாள். மத்தியானம் தூக்குச்சட்டியோடு வருவார். புருஷன் தலை வெளியே இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். மறுநொடி 'டமார்'.

"மூடியாச்சு. தின்னுங்க."

"ஏட்டி, உள்ள ஸ்பேனர் கெடக்கு!"

"அதுவும் செத்த நேரம் தூங்கட்டும்."

ராஜபாளையத்துக் கார்களின் பானெட்டில் ஒரு சின்ன நெளிவு தெரிந்தால், அது விபத்தில்லை. மத்தியானச் சாப்பாடு.

இப்படிப்பட்ட இடத்தில்தான் என் தங்கை கோமதியின் சிவப்புக் கார் வந்து படுத்தது. கோமதி ஸ்ரீவில்லிபுத்தூரில் பல் டாக்டர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, கொச்சியிலிருந்து ரெண்டு சீட் மட்டும் உள்ள ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்தாள். தரையோடு தவழும் கார். வேகத்தடைகளில் அதன் வயிறு முனகுவது கிருஷ்ணன்கோவில் வரை கேட்கும். "பகல் பூரா எல்லாரும் என் முன்னால வாயைத் திறக்காங்க அண்ணே. காலையில செண்பகத்தோப்பு வரைக்கும் போய்ட்டு வர்ற நேரம் மட்டும்தான் யாரும் திறக்கிறதில்லை" என்பாள்.

அவள் கணவருக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில். வெள்ளையைத் தவிர வேறு நிறத்தை நம்பாதவர். அந்தச் சிவப்பு அவர் கண்ணைக் குத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் காரே அவருக்கு உதவியது. டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தது. ஒரு பட்டறையில் பேட்டரியை மாற்றினார்கள். இன்னொன்றில் பெல்ட்டை மாற்றினார்கள். விளக்கு இரண்டு பேரையும் மதிக்கவில்லை. கார் போய் நின்ற இடமோ, மாப்பிள்ளையின் மில் வாசல். ஷிப்ட் விட்டு வந்த மொத்தத் தொழிலாளர்களும் சேர்ந்து, திருவிழாத் தேரைப்போலத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கே மாப்பிள்ளை தீர்ப்புச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை காலையில கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தர் வண்டியைப் பாக்க வாரார். அதுக்குள்ள ஒழுங்கா ஓடுச்சுன்னா உன் வண்டி. இல்லைன்னா அவர் வண்டி."

"பேச்சு மாறக் கூடாது" என்றாள் கோமதி.

"மாற மாட்டேன். அந்த வண்டி மாதிரி பாதி வழியில நிக்கவும் மாட்டேன்."

பத்தியத்தின் பட்டறைக்குக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். எடுத்த எடுப்பிலேயே மோதல்.

"டாக்டரம்மா, எதுத்த டீக்கடையில போய் உக்காருங்க."

"நான் பேஷண்ட் வாயைப் பாக்கும்போது அவங்க அம்மாவை வெளியே அனுப்ப மாட்டேன்."

"அம்மா முன்னால எந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லியிருக்கு?"

கோமதிக்கு மகன் இருக்கிறான். டீக்கடைக்குப் போனாள்.

முறைப்படி முதலில் என்ன பார்க்க வேண்டும் என்று நான் ஆரம்பித்தேன். பத்தியம் அதற்குள் வேறொரு பேட்டரியைப் போட்டு என்ஜினைக் கிளப்பி, ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவரை ஆல்டர்நேட்டர்மேல் வைத்து, மறுமுனையில் காதை வைத்திருந்தார். ஆல்டர்நேட்டர்தான் என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு ஊட்டுவது. "சுத்த வேண்டியவன் சுத்தலை. மேல இருக்கிறவன் மட்டும் சுத்துதான்" என்று அறிவித்துவிட்டு, என்ஜினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றினார். உள்ளே இருக்கும் விசிறியை அசையாமல் பிடித்துக்கொண்டு, பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைச் சுற்றினார்.

இந்தக் காரின் புல்லி சைக்கிள் ஃப்ரீவீல் போன்றது. ஒரு பக்கம் சும்மா சுற்ற வேண்டும். மறுபக்கம் சுற்றினால் ஆல்டர்நேட்டரின் தண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதுவோ இரண்டு பக்கமும் காற்றாடியாகச் சுற்றியது. பெல்ட் ஓடுகிறது, புல்லி ஓடுகிறது, ஆல்டர்நேட்டர் மட்டும் ஓய்வு பெற்றவனைப்போல உட்கார்ந்திருக்கிறது. நோய் தெரிந்துவிட்டது. முறையைச் சொன்னேன்.

"ஆல்டர்நேட்டரைக் கழட்டி மதுரைக்குக் கொண்டுபோனா, அங்கேயே புல்லியை மாத்திக் குடுத்துருவாங்க."

பத்தியம் என்னைக் கொலைகாரனைப்போலப் பார்த்தார். "தலையை மதுரைக்கு அனுப்பிட்டு, முண்டத்தை நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா சார்? என் பட்டறையில படுத்த வண்டி முழுசாத்தான் எந்திரிக்கும்."

ஆகவே மதுரையிலிருந்து புல்லி மட்டும் பஸ்ஸில் வந்தது. வந்தது சனிக்கிழமை மத்தியானம். பழைய புல்லியைக் கழற்றக் குனிந்தபோதுதான் வில்லங்கம் தெரிந்தது. அதன் வாய்க்குள் வட்டமாக, பொடிப்பொடியாகப் பல் வெட்டியிருந்தது. அதற்கென்றே செய்த டூல் வேண்டும். போன் போட்டால், மதுரைக் கடை திங்கட்கிழமைதான் திறக்கும்.

பத்தியம் ஒரு பழைய போல்ட்டை அரத்தால் ராவி உள்ளே விட்டார். வழுக்கியது. இன்னொன்றை ராவினார். அதுவும் வழுக்கியது. உளியைக் கையில் எடுத்தார். "அடிச்சா தண்டும் சேந்து போயிரும்" என்றேன். இந்த ஒரு முறை நான் சொன்ன முறையைக் கேட்டார். உளியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பேச்சியம்மாள் பானெட்டை அறைந்து மூடி, சோற்றை முன்னால் வைத்தார். பத்தியம் பிசைந்தார், தின்னவில்லை.  கார் போனது போனதுதான் என்று நினைத்தேன்.

கோமதி டீக்கடையிலிருந்து ரோட்டைக் கடந்து வந்தாள்.

"ஓனரு வரப்படாது டாக்டரம்மா."

"ஓனரா வரலை. பல் டாக்டரா வாரேன். தள்ளுங்க."

பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். கிளினிக்குக்கு ஆள் அனுப்பி, செயற்கைப் பல்லுக்கு அச்சு எடுக்கும் ரப்பர் மாவைக் கொண்டுவரச் சொன்னாள். இளஞ்சிவப்பு மாவைப் பிசைந்து புல்லியின் வாய்க்குள் அழுத்தினாள். "செத்த நேரம் யாரும் அசையாதீங்க" என்றாள். கார் அசையவில்லை. பத்தியம் மூச்சே விடவில்லை.

அச்சு அழகாக வந்தது. ஒவ்வொரு பல்லும் சுத்தமாக விழுந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு மில் ஸ்பேர் செய்யும் லேத் பட்டறைக்கு ஓடினோம். லேத்காரர் நூற்பாலை இயந்திரத்துக்குப் பல் வெட்டியே பழகிய மனிதர். இளஞ்சிவப்பு உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருக்குப் பல்லு கட்டப் போறீய?"

"இவளோட காருக்கு" என்றேன்.

"ஏலே, காருக்கும் பல்லு போயிருச்சா!" என்று சிரித்துக்கொண்டே மெஷினைப் போட்டார்.

இருட்டுவதற்குள் இரும்பில் அதே அச்சு பிறந்துவிட்டது. புல்லிக்குள் விட்டபோது கச்சிதமாக உட்கார்ந்தது. தண்டு சுழலாமல் நான் பிடித்துக்கொள்ள வேண்டும், கோமதி டார்ச் அடிக்க வேண்டும், டூலில் மாட்டிய குழாயை இரண்டு பேர் தள்ள வேண்டும். ஓர் ஆள் குறைந்தது. அந்த நேரம் பார்த்து, கார் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று வேடிக்கை பார்க்க மாப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

"வாங்க முதலாளி, இதைச் செத்தப் பிடிங்க" என்று குழாயை அவர் கையில் திணித்தார் பத்தியம்.

"நான் எதுக்கய்யா பிடிக்கணும்? எனக்கு இது ஓடவே கூடாது!"

"மனசுல வஞ்சம் இருந்தா கையில பலம் கூடும். தள்ளுங்க!"

தள்ளினார்கள். 'படக்' என்று பழைய புல்லி இளகியது. முதலில் கூச்சல் போட்டவர் மாப்பிள்ளைதான். பிறகு ஞாபகம் வந்து முகத்தை மாற்றிக்கொண்டார். புதுப் புல்லி ஏறியது, பெல்ட் ஏறியது, சாவியைத் திருப்பினாள் கோமதி. விளக்கு அணைந்தது. மீட்டரை வைத்து நான் முறைப்படி பார்த்தேன். முள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பத்தியம் பானெட்டை மூடினார். பேச்சியம்மாள் இரண்டாம் தடவை சோறு வைத்தார். அன்று பத்தியம் தின்றதைப் பார்த்தவர்கள், பிறகு கொஞ்ச நாள் விருந்துக்கு யாரையும் அழைக்கப் பயந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயம்புத்தூர்க்காரர் கோமதி வீட்டுக்கு வந்துவிட்டார். பேச்சு பேச்சுதான், ஆனாலும் ஓடுகிற காரைப் பார்த்ததும் அவர் சொன்ன விலை மாப்பிள்ளையை லேசாக ஆட்டியது. "வந்தவர் ஒரு தடவை ஓட்டித்தான் பாக்கட்டுமே" என்று இழுத்தார். கோமதியின் முகம் சுண்டியது.

பத்தியமும் அங்கே இருந்தார். குணமான நோயாளியை வீடுவரை கொண்டுவிடுவது தன் கடமை என்று, காரிலேயே வந்திருந்தார். யாரையும் கேட்காமல் போய் இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"டாக்டரம்மா, டெஸ்ட் டிரைவ் பாக்கி இருக்கு. ஏறுங்க."

கோமதி ஒரே தாவலில் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கோயம்புத்தூர்க்காரர் காரைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார்.

"நான் எங்க உக்கார்றது?"

"ரெண்டே சீட்டுதான் சார்" என்றார் பத்தியம், உலகத்து வருத்தத்தையெல்லாம் முகத்தில் வைத்துக்கொண்டு. "நீங்க ஒரு காபி சாப்பிடுங்க."

சிவப்புக் கார் செண்பகத்தோப்பு ரோட்டில் திரும்பி மறைந்தது. வெயில் ஏறியபின்தான் திரும்பி வந்தது. அதற்குள் வந்தவர் இட்லி சாப்பிட்டு, மாப்பிள்ளை கொடுத்த பால்கோவாவை வாங்கிக்கொண்டு, பஸ் ஏறியிருந்தார். "சரி மச்சான், தொலையட்டும், ஓடிருச்சுல்ல" என்றார் மாப்பிள்ளை. அவர் மீசைக்குக் கீழே கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

என் கார் முறைப்படி பராமரிக்கப்படும் கார். அதில் எந்தக் கோளாறும் கிடையாது. ஆனாலும் இப்போதெல்லாம் தென்காசி ரோட்டில் போகும்போது அந்தப் பட்டறை வாசலில் நிறுத்தி, "ஏதோ சத்தம் வருது, பாருங்க" என்று பொய் சொல்கிறேன். பத்தியம் குனிந்து, காதைக் கொடுத்து, செத்த நேரம் கேட்கிறார்.

"ஆமா சார், வருது" என்கிறார்.