வம்ச நைனாவும் ஒரு நாள் முந்திப் பிறந்த குட்டியும்

மனிதனுக்கு மரியாதை தராமல், குதிரைக்கு மட்டும் மரியாதை தந்து, எழுபது வயது வரை யாரிடமும் அடி வாங்காத ஒரே ஆள் எனக்குத் தெரிந்து எங்கள் முதலாளி வம்ச நைனாதான்.

எண்ணூர் பக்கம் ரேஸ் குதிரைப் பண்ணை இருந்தது என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. நைனாவின் தாத்தா வைத்தது, அப்பா வளர்த்தது, நைனா கையில் வந்து சேர்ந்தது. நான் அங்கே குதிரை லத்தி அள்ளினேன், தீவனம் வைத்தேன். எத்தனை வருடம் என்று என்னைக் கேட்காதீர்கள், என் முட்டியைக் கேளுங்கள். காற்றெல்லாம் நிலக்கரித் தூசி. வெள்ளைக் குதிரை ஒன்று இருந்தது. குளிப்பாட்டினால்தான் அது வெள்ளை என்றே தெரியும்.

"கொஞ்சம் நவுந்துக்கோங்கமா" என்பார் குதிரையிடம். "தள்ளுடா கலீஜு" என்பார் என்னிடம். ஒவ்வொரு குதிரைக்கும் ஏழு தலைமுறை மனப்பாடமாகச் சொல்வார். சொந்தப் பேத்தி பெயரைக் கேட்டால் யோசிப்பார். அதனால்தான் வம்ச நைனா.

என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, பெரிய மனிதர் ஒருவர் கூட இருக்கட்டுமே என்று அவரைக் கூப்பிட்டுவிட்டேன். மாப்பிள்ளைப் பையனை எழுந்து நிற்கச் சொன்னார்.

"தெருமுனை வரிக்கும் நட."

நடந்தான்.

"இப்ப திரும்பி வா."

வந்தான்.

என் காதில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "கால் சுத்தமா கீது. தாய்வழி இன்னான்னு விசாரி" என்றார். அந்தக் கல்யாணம் நடந்தது என் அதிர்ஷ்டம்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தக் குட்டியின் கதை.

ரேஸ் குதிரைகளுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்த மாதத்தில் பிறந்தாலும் ஜனவரி ஒன்றாம் தேதி எல்லாவற்றுக்கும் ஒரு வயது கூடிவிடும். டிசம்பர் கடைசி நாளில் பிறந்த குட்டி மறுநாளே ஒரு வயதுக் குதிரை. தன்னைவிட ஒரு வருடம் பெரியவற்றோடு அது ஓட வேண்டும். அதை எவன் வாங்குவான்?

நைனாவின் தம்பிக்குக் குதிரை என்றாலே தும்மல். இடத்தைக் கன்டெய்னர் யார்டுக்குக் கொடுக்கலாம் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அண்ணனும் தம்பியும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். அடுத்த குட்டி நல்ல விலைக்குப் போனால் பண்ணை நிற்கும். இல்லையென்றால் யார்டு.

நைனாவுக்கு ஆசை. ஜனவரி முதல் வாரம் பிறந்தால் அந்த வருடக் குட்டிகளிலேயே இதுதான் மூத்தது, பெரியது என்று கணக்குப் போட்டு, தாய்க் குதிரையைச் சீக்கிரமே ஆண் குதிரையோடு சேர்த்துவிட்டார். அதுவோ அவரைவிட அவசரக்காரி. டிசம்பர் முப்பத்தொன்று காலையிலேயே நிலைகொள்ளாமல் சுற்ற ஆரம்பித்தது.

நைனா அதன் முன்னால் கைகூப்பி நின்றார். "பெத்துக்கோங்கமா, வேணாங்கல. நாளிக்கு பெத்துக்கோங்க."

பிறகு, ஹாரன் சத்தத்தில் மிரண்டு இன்றைக்கே பெற்றுவிடும் என்று ரோட்டுக்கே போய் லாரியை மறித்தார்.

"இன்னா பெர்சு, வூட்ல யாருக்கு இன்னா?" என்றான் டிரைவர்.

"கொயந்த பொறக்கப் போவுதுபா."

"நல்ல சேதிதான?"

"இன்னிக்கு பொறந்தா நாளிக்கே ஒரு வயசாயிடும்பா."

டிரைவர் கிளீனரைப் பார்த்தான். "ஏறுடா, பெர்சு காலைலயே ஊத்திகினு கீது."

சாயங்காலம் நாலு மணிக்குக் குட்டி வந்துவிட்டது. பெண் குட்டி. நெற்றியில் விபூதி வைத்த மாதிரி ஒரு வெள்ளை. நைனா பதிவுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான் மட்டும்தான்.

"நாளிக்குன்னு எழுதிடுங்க நைனா. எட்டு மணி நேரம்தான. யாரு பாத்தா?"

குட்டியை நக்கிக்கொண்டிருந்த தாய்க் குதிரையைக் காட்டினார்.

"அவங்க அம்மா பாத்தாங்கடா."

முப்பத்தொன்று என்றே எழுதினார். மறுநாள் தம்பி வந்து அதைப் படித்தார். அன்றைக்குத் தும்மக்கூட இல்லை.

இப்போது அங்கே கன்டெய்னர்கள் அடுக்கிக் கிடக்கின்றன. குட்டியை யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யார், எந்த ஊர், எனக்குத் தெரியாது. நைனா கல்மண்டபம் ஏரியாவில் தன் மகள் வீட்டு மாடியில் இருக்கிறார். கண் மங்கிவிட்டது. தினமும் பஸ் பிடித்துப் போய், இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க அவர் பக்கத்தில் உட்காருகிறேன்.

"கொயந்த எப்டிடா கீறாங்க?"

"சோக்கா கீறாங்க நைனா. நேத்து கேரட்டு குட்த்தேன், விரலையும் சேத்து துன்னப் பாத்தாங்க."

சிரிக்கிறார். நாளைக்கு என்ன சொல்வது என்று திரும்பும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வருகிறேன்.