விரால்மீன் சாட்சி

இந்த செமஸ்டரை விடப்போவதில்லை. இதை நான் சாந்தமாகத்தான் சொன்னேன். தட்டு கொஞ்சம் வேகமாக மேசையில் இறங்கியது, அவ்வளவுதான்.

பாப்பா பிறந்ததால் ஏற்கெனவே ஒரு செமஸ்டர் போயிற்று. சட்டப் படிப்பு பாதியில் நிற்கிறது. இனி எனக்குச் சனிக்கிழமைகளில் வகுப்பு. பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சனிக்கிழமை வரமாட்டார். மீதி இருப்பவர் ஒருவர்தான்: பாப்பாவின் அப்பா. ஆனால் சனிக்கிழமை என் கணவர் ரூபேந்திரன் எங்கள் ஊரான தெப்ராவிலேயே இருக்கமாட்டார். ரெங்கத்தில் செம்பனைத் தோட்டத்துப் பாரிட் ஓரம் தூண்டிலோடு நிற்பார். வாரமெல்லாம் தொழிற்சாலையில் நின்று வலிக்கிற கால், அந்தக் கால்வாய்க் கரையில் மட்டும் வலிக்காது.

"இன்னும் ஒரு செமஸ்டர் தள்ளிப்போடு, விஜி. பிள்ளைக்குத் தாய்தான் வேணும். அது இயற்கை."

"எந்த இயற்கை?"

"விரால எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன். வேறு வழி? எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் கடைசியில் அந்தப் பாரிட்டில்தான் போய் விழும்.

"விரால், மலாய்க்காரங்க சொல்ற ஹாருவான், சும்மா இல்ல. சேத்துத் தண்ணியிலயும் உயிரோட இருக்கும். ஏன்? மேல வந்து காத்தைக் குடிக்கும். குஞ்சுங்களும் அப்படித்தான். செவப்பா, கூட்டமா, ஒண்ணா மேல வரும். தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்கும். அதுக்குக் கீழேயே தாய் நிக்கும். நகராது. தூண்டில்ல ரப்பர் தவளையை மாட்டி அந்தக் கூட்டத்து நடுவுல போட்டு இழுக்கணும். திருடன் வந்துட்டான்னு பாய்ஞ்சு கடிக்கும். பசி இல்ல, கோபம்."

"அப்ப பிள்ளையைக் காப்பாத்த வர்றதைத்தான் பிடிக்கிறீங்க."

"அதான் டெக்னிக்."

"பிடிச்ச பிறகு குஞ்சுங்க?"

"பிழைச்சுக்கும்லா."

"தாய் இல்லாமலா? இப்பத்தானே தாய்தான் வேணும்னீங்க."

கணவர் ரசத்தில் மும்முரமானார். நான் விடவில்லை.

"முதல்ல அது தாய்னு யார் சொன்னது? விரால்ல பெரும்பாலும் ஆண்தான் காவல் நிக்கும்னு படிச்சிருக்கேன்."

"புத்தகம் எழுதினவன் பாரிட்டுக்கு வந்தானா?"

"நீங்க போனீங்களே. ஒரு தடவையாவது வயித்தைக் கிழிச்சுப் பாத்தீங்களா?"

"மீன் கழுவுறது ரொனால்ட் வேலை."

ரொனால்ட் பக்கத்து வீட்டுக்காரர், தூண்டில் தோழர். ஆக, பிடிப்பது ஒருவர், கழுவுவது ஒருவர், இயற்கையை விளக்குவது மட்டும் என் கணவர்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரி. இந்தச் சனிக்கிழமை காவல் நிக்கிற மீனையே கொண்டுவரேன். உன் கண் முன்னால அறுப்போம். உள்ள முட்டை இருந்தா தாய். நீ செமஸ்டரைத் தள்ளிப்போடணும்."

"முட்டை இல்லைன்னா?"

"சனிக்கிழமை நான் வீட்டுல. செமஸ்டர் முழுக்க."

"பாவம், கொல்லாம பார்த்துட்டு விட்டுடுங்களேன்."

"பாரிட்டுக்கு எக்ஸ்ரே மெஷினா தூக்கிட்டுப் போறது?"

இன்னொன்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். எதிராளி தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசக்கூடாது. மீனைப் பற்றியும் பெரிய பயமில்லை. என் கணவர் பெரும்பாலும் வெயிலைத்தான் பிடித்துக்கொண்டு வருவார்.

சனிக்கிழமை, வழக்கமாகப் பொழுது சாய்ந்து வருகிறவர் மதியச் சோற்றுக்கே வந்துவிட்டார். கையில் என் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். பின்னால் ரொனால்ட், பாவமன்னிப்புக்கு வரிசையில் நிற்பவர் முகத்தோடு. மீனின் வாயைப் பார்த்தேன். தூண்டில் காயம் இல்லை. மண்டையில்தான் அடி, பசாரில் மீன்காரர் போடுகிற அதே இடத்தில். பலகையை எடுத்து வைத்தேன்.

ரொனால்ட் அறுத்தார். மஞ்சள் மஞ்சளாக இரண்டு முட்டைப் பைகள் சரிந்து விழுந்தன.

"பாத்தியா? தாய்," என்றார் கணவர். "வேற பேச்சு இருக்கா?"

"ஒரே ஒரு கேள்வி. இது இன்னும் போடாத முட்டைதானே?"

"உள்ளதானே இருக்கு."

"அப்ப தண்ணியில இருந்த குஞ்சுங்க யாரோடது?"

ரொனால்ட் கத்தியைக் கீழே வைத்தார்.

"பாப்பா பிறந்த பிறகும் என் வயித்துலயே இருந்துச்சா, ரூபன்?"

கணவர் முட்டைப் பையை விரலால் புரட்டிப் பார்த்தார். "பக்கத்துக் குடும்பத்துக் குஞ்சா இருக்கும். பாவம்னு இது பாத்துக்கிட்டிருக்கும்."

"அப்ப பெத்தவதான் பாத்துக்கணும்னு இல்லை. நல்லது."

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் ரொனால்ட் மெதுவாக. "கடிக்கலைன்னா கடிக்கலைன்னே சொல்லிடலாம், பசாருக்குப் போக வேணாம்னு."

"ரொனால்ட்!"

"பாரிட்ல இருந்தது வாயே திறக்கல, விஜிதா. தவளையை மூக்கால முட்டித் தள்ளிட்டு, மறுபடி குஞ்சுங்களுக்குக் கீழயே போய் நின்னுக்கிச்சு."

ஆணோ பெண்ணோ, அந்த மீனுக்கு என் வணக்கம். வேலை தெரிந்த மீன்.

கணவர் சட்டென்று நிமிர்ந்தார். தோற்றவருக்கும் தப்பிக்க ஒரு கதவு தெரியும். "அது பிடிபடலை. அதனால பந்தயம் செல்லாது."

"எப்படிச் செல்லாது? காவல் நிக்கிற மீனைக் கொண்டுவரேன்னீங்க. கொண்டுவந்தீங்களா?"

"இல்ல."

"வராத மீன் வயித்துல முட்டை இருக்கா?"

"அது எப்படி இருக்கும்?"

"இல்லைதானே. முட்டை இல்லைன்னா யாரு வீட்டுல இருக்கிறதுன்னு சொன்னீங்க?"

"அலமாக்," என்று தலையில் கைவைத்தார் ரொனால்ட். அன்றைக்கு விரால் பொரியல் நன்றாக இருந்தது. கணவர்தான் அதிகம் சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை புத்தகப் பையோடு வாசலில் செருப்பு மாட்டினேன். ரொனால்டின் கார் தனியாக ரெங்கம் பக்கம் போயிற்று. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு கணவர் அது திரும்புகிற முனை வரை பார்த்து நின்றார்.

"விஜி, போறதுக்கு முன்னால ஒரு விஷயம்."

புது வாதம் என்று நினைத்தேன். பையை இறக்கி வைத்துத் தயாராக நின்றேன்.

விராலின் கோபத்துக்கும் பசிக்கும் வித்தியாசம் தெரிந்தவர், ஏழு மாதத் தகப்பனார், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "பாப்பாவுக்கு ஒரு தடவைக்கு எத்தனை கரண்டி பால்மாவு?"