தியோலிந்தாவைத் தெரியாத ஊர்

அன்புத் தங்கை தியோலிந்தாவுக்கு உன் அண்ணன் ஜெர்வாசியோ தன் சொந்தக் கையால் எழுதும் கடிதம்.

இங்கே நானும் பசுக்களும் ஆண்டவர் கிருபையால் சுகம். அங்கே அமெரிக்காவில் ஃபால் ரிவரில் உன் சுகமும், உன் மகன் சுகமும், உன் சர்க்கரை எந்த அளவில் நிற்கிறது என்பதும் அறிய ஆவல். முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னைப் பொறுத்துக்கொள். எழுத்துகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, மேய்ச்சல் முடிந்து இறங்கி வரும் மாடுகள் மாதிரி முன்னும் பின்னும் இடித்துக்கொண்டு வரும். கடைசி மாடு வந்து சேரும்வரை கொஞ்சம் நின்று பார். வாழ்நாள் முழுக்கப் பால் கறந்த விரல்கள், பேனாவையும் அதே பிடியில்தான் பிடிக்கின்றன, நான் புதிதாக எழுதப் படிக்கப் போகும் முதியோர் வகுப்பு டீச்சர் திட்டுகிறார். மை சொட்டியிருக்கும் இடத்தில் அழுதேன் என்று நினைக்காதே. அழுத்தினேன், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை வேறு யாரும் பார்க்கவில்லை. அதை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது. முன்பெல்லாம் என் மனைவி எழுதினாள், அவள் போன பிறகு கடைக்கார இதலீனா எழுதினாள். இதலீனா எழுதினால் ஊரே எழுதின மாதிரி. நான் ஒரு வரி சொல்வேன், வரிசையில் சோப்பு வாங்க நிற்கிறவள் ஒரு வரி சேர்ப்பாள். இப்போது சொல்லிவிடுகிறேன், போன ஈஸ்டருக்கு உன்னிடம் பெரிய அளவில் இடுப்புப் பட்டை கேட்டது நான் இல்லை. நீ அனுப்பிவிட்டாய், இதலீனாவும் போட்டுக்கொண்டாள், போகட்டும். இனிமேல் நமக்குள் ரகசியம் இருக்கலாம் தியோலிந்தா. இந்த வயதில் எனக்கு ஒரு ரகசியம் கிடைத்திருக்கிறது.

உன் கடிதத்தையும் நானே வாசித்தேன். இரண்டு மாலைப்பொழுது ஆயிற்று. நீ கேட்டது எல்லாம் நியாயம். போன தடவை வந்தாய், அமெரிக்காவிலிருந்து வந்தவள் ஒரு வீடு விடாமல் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்கிற நம் ஊர் வழக்கப்படி, வந்த நாள் முதல் போகிற நாள் வரை மடியில் தட்டோடு கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாய். இனிப்பு ரொட்டி, ரத்த சாசேஜ், மறுபடி இனிப்பு ரொட்டி. ஒரு வீட்டில் குறைவாகச் சாப்பிட்டதற்கு அவர்கள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. கடலை விமானத்திலிருந்துதான் பார்த்தாய். அதனால் இந்த முறை மலை, ஏரி, திமிங்கிலம், பறவை மட்டும் போதும், காட்டோரம் ஒரு மர வீட்டில் ஜூன் மாதம் பத்து நாள், வந்திருப்பது ஊரில் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் மகன் சொல்கிறபடி ஃப்ளோரிடாவுக்குப் போய்விடுவேன் என்று எழுதியிருந்தாய். அந்த ஃப்ளோரிடா என்கிற சொல்லை மட்டும் மூன்று தடவை வாசித்தேன்.

திட்டம் போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த நான் அதில் எதையும் பார்த்ததில்லை. ஏரிப்பக்கம் போனது தொலைந்த கன்றைத் தேடி. மலை ஏறினது விறகுக்கு. கடலில் காலே வைத்ததில்லை. பார்க்காத இடத்துக்குத் தங்கையை எப்படிக் கூட்டிப்போவது? அதனால் நீ வருவதற்கு முன்னால் உன் விடுமுறையை நானே ஒருமுறை அனுபவித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். துணைக்கு என் மைத்துனன் அமாந்தியோ, ஏனென்றால் வேன் அவனுடையது. அவன் வாய் திறக்க மாட்டான் என்று மாதா படத்தின் மேல் சத்தியம் வாங்கினேன்.

முதலில் மேற்கு முனையில் இருக்கும் இரட்டை ஏரி, ஒன்று பச்சை ஒன்று நீலம் என்று சொல்கிறார்களே, அது. மேலே போய் நின்றால் மூடுபனி, என் கை எனக்குத் தெரியவில்லை, ஆனால் பக்கத்தில் ஒரு கும்பலே நின்று அந்தப் பனியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. "என்ன மச்சான், ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு இம்புட்டுப் பேரா?" என்றான் அமாந்தியோ. "சத்தம் போடாதடா, இயற்கை," என்றேன். சாப்பாட்டு நேரம் வரை நின்றோம். பிறகு மலைப்பாதை, மரத்தில் மஞ்சளும் சிவப்புமாகக் கோடு போட்டிருக்கும், அதைப் பார்த்து நடக்க வேண்டும். அதற்கென்று புது ஷூ வாங்கினேன், அது என்னைக் கடித்தது. பாதி வழியில் ஒரு மேய்ச்சலில் மாடுகள் மடி கனத்துக் கதறிக்கொண்டு நிற்கின்றன, சொந்தக்காரரைக் காணோம், கறவை இயந்திரம் ரிப்பேராகி ஆள் கூப்பிடப் போயிருந்தாராம், நமக்கென்ன என்று தாண்டிப் போக முடியுமா சொல்லு, நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கையாலேயே கறக்க ஆரம்பித்தோம். அந்த நேரம் பார்த்து இரண்டு கைகளிலும் கோல் ஊன்றிக்கொண்டு வெளிநாட்டுக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள், இதுவும் பயணத்தில் சேர்த்தி என்று நினைத்து நின்று பார்த்தார்கள், முடிந்ததும் கைதட்டினார்கள். அமாந்தியோ எழுந்து குனிந்து வணக்கம் வைத்தான், வாளியைத் தட்டிவிட்டான்.

திமிங்கிலப் படகுக்கு ஞாயிற்றுக்கிழமை கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு போனேன், பட்டணத்துக்குப் போகிறோமே என்று. அதற்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். அமாந்தியோ படகின் அடியில் குந்தி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தான், கடைசிவரை தலை தூக்கவில்லை. நான் பார்த்தேன் தியோலிந்தா. தண்ணீர் மெதுவாகக் கருத்தது, பிறகு முதுகு வந்தது, வந்துகொண்டே இருந்தது, பிறகு அது மூச்சு விட்டது. நம் பசு கன்று போட்டு முடித்ததும் ஒரு மூச்சு விடுமே, அந்த மூச்சு. நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன். வழிகாட்டிப் பெண் சிரித்தது. "ஏன் தாத்தா தொப்பியைக் கழட்டினீங்க?" "பெரியவங்க எதிரே வந்தா கழட்டுறது எங்க வழக்கம்மா," என்றேன். நீ பக்கத்தில் இல்லையே என்று இருந்தது. திட்டத்தில் திமிங்கிலத்துக்கு மட்டும் இரண்டு நாள் வைத்திருக்கிறேன்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? புது ஷூ, வார நாளில் கோட்டு, படகு. ஒரு பாதி எனக்குக் கல்யாணம் என்றது. இன்னொரு பாதி எனக்கு முடிவு நெருங்கிவிட்டது என்றது. கல்யாணக் கட்சிக்குப் பெண் கிடைக்காததால் சாவுக் கட்சி ஜெயித்தது. பங்குச் சாமியாரே வீடு தேடி வந்துவிட்டார்.

"ஜெர்வாசியோ, மறைக்காதே. டாக்டர் எத்தனை நாள் சொன்னார்?"

"எதுக்குச் சாமி?"

"சரி, நீயா சொல்ற வரைக்கும் நான் கேக்கல. ஏன் இப்படி மலை மலையா அலையுறே?"

சாமியாரிடம் பொய் சொல்லக் கூடாது, உன் ரகசியத்தையும் விடக் கூடாது. "கண்ணு இருக்கும்போதே இயற்கையைப் பாத்துக்கிறேன் சாமி," என்றேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தார். மறுநாள் பூசையில் எனக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னார். முன் வரிசையில் இரண்டு பேர் அழுதார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை தியோலிந்தா. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த பத்தியை வாசி.

கடைசியாக ஃபூர்னாஸ் ஏரிக்கரை. மண்ணுக்குள் பானையைப் புதைத்து பூமிச் சூட்டிலேயே வேகவைக்கும் சாப்பாடு இல்லாமல் என்ன விடுமுறை? இறைச்சி, கோஸ், சேப்பங்கிழங்கு எல்லாம் அடுக்கி, துணியால் கட்டி, உனக்காக உப்பைக் குறைத்து, ஞாயிறு காலையிலேயே குழியில் இறக்கினோம். யார் பானை எது என்று தெரிய மண்மேட்டில் பெயர்ப்பலகை குத்த வேண்டும், உனக்குத் தெரியும். முன்பு நான் பலகையில் ஒரு கோடு இழுத்துவிடுவேன். இப்போது எனக்கு எழுதத் தெரியுமே! பெயிண்டும் பிரஷும் கையோடு கொண்டுபோயிருந்தேன். என் பெயரை வகுப்பில் எழுதி எழுதிச் சலித்துவிட்டது, சாப்பாடும் உனக்குத்தானே என்று உன் பெயரை எழுதினேன். என்ன அழகாக வந்தது தெரியுமா, ஒரு எழுத்துகூடக் கீழே சரியவில்லை. பலகை பெரிது, நிறைய இடம் மிச்சம், வீணாகப் போகிறதே என்று அதற்குக் கீழே 'அமெரிக்காவிலிருந்து வரும் என் தங்கை' என்று எழுதினேன். அப்படியும் கொஞ்சம் இடம் இருந்தது. 'ஜூன் மாதம்' என்று எழுதினேன். தள்ளி நின்று பார்த்துப் பெருமைப்பட்டேன். நம் ஊர் பேண்டு வாத்தியக் குழு முழுதும் அன்றைக்கு அதே கரையில் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்ததை அப்போது கவனிக்கவில்லை. நடுப்பகலில் பானை தூக்குகிறவர் கொக்கியை மாட்டி இழுத்தார், பலகையைப் பிடுங்கினார், அங்கே வழக்கம் எப்படியோ அப்படியே உரக்க வாசித்தார். மூன்று வரியையும் வாசித்தார். அமாந்தியோ என்னைப் பார்த்தான். "மச்சான், நான் சத்தியத்தைக் காப்பாத்திட்டேன்," என்றான்.

சாயங்காலம் கடையில் நிற்க இடமில்லை. "ஏன்யா ஜெர்வாசியோ, இத்தனை வருஷம் உன் கடிதாசி எல்லாம் எழுதினவகிட்டயே மறைச்சியா?" என்றாள் இதலீனா. கோபம் இல்லை, அவள் குரல் கம்மியிருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குள் மற்றவர்கள் உன் நாட்களைப் பங்கு போட ஆரம்பித்துவிட்டார்கள். முதல் நாள் எனக்கு, மதியம் உனக்கு, எங்க பன்றி ஜூனுக்கு ரெடியாயிடும், போன தடவை எங்க வீட்ல அரைத் தட்டுதான் சாப்பிட்டா, அந்தப் பாக்கியை இந்தத் தடவை தீர்க்கணும். சாமியார் ஒரு இரவுச் சாப்பாடு கேட்டார். திமிங்கிலத்துக்கு வைத்த இரண்டு நாளும் போய்விட்டது. நான் மேசையைத் தட்டினேன், அது எனக்குப் பழக்கம் இல்லை, கை வலித்தது. "அவளுக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆகியிருக்கு, சர்க்கரை வேற. அவ உங்க தட்டுக்கு வரல, மூச்சு விட வரா. ஊருக்குத் தெரிஞ்சா வரவே மாட்டேன்னு எழுதியிருக்கா," என்றேன். ஒவ்வொருத்தராக எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, நல்லிரவு சொல்லாமல் போனார்கள்.

அதனால் தங்கச்சி, நான் கெடுத்துவிட்டேன். ஒரு ரகசியம் கொடுத்தாய், அதைப் பெயிண்டில் எழுதிக் கரையில் நட்டுவிட்டேன். நீ வந்தால் தட்டு, வராவிட்டால் மனஸ்தாபம். உன் மகன் சொல்கிறபடி ஃப்ளோரிடாவுக்கே போ. அங்கே மணல் இருக்கிறதாம், உன்னை யாருக்கும் தெரியாதாம். நான் வருத்தப்பட மாட்டேன். மர வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டவர் உன் நெஞ்சுக்கு பலமும் உன் கால்களுக்கு நல்ல பாதையும் தரட்டும். உன் மகனுக்கு என் ஆசி. சிவப்புப் பசு, நீ பெயர் வைத்ததே அதன் மகள், உன்னை விசாரித்ததாக எழுதச் சொல்கிறது.

உன் அண்ணன்,
ஜெர்வாசியோ (இந்தக் கையொப்பமும் நானே)

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. மூடுபனியால் விமானம் வராமல் தபால் போகவில்லை, கடிதம் என் கையிலேயே கிடந்தது, அதற்குள் இவ்வளவும் மாறிவிட்டது. முந்தாநாள் இதலீனா ஊர்ப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். முடிவு பண்ணிவிட்டார்களாம். "அவ வரட்டும். எங்க யாருக்கும் அவளைத் தெரியாது. எதிர்ல வந்தாலும் வெளிநாட்டுக்காரின்னு நெனச்சுப் பேசாமப் போயிடுவோம். மூச்சு விடட்டும்யா," என்றாள். ஆனால் அதற்கு ஒத்திகை வேண்டும் என்றாள், நம் ஊருக்குப் பழக்கமில்லாத வேலையாயிற்றே. நான்தான் தியோலிந்தா. கையில் இரண்டு கோலைக் கொடுத்து, கோயில் வாசலிலிருந்து நீரூற்று வரை நடக்கச் சொன்னாள்.

நடந்தேன். ஜன்னலில் எல்லாரும் இருந்தார்கள், ஒருத்தரும் கூப்பிடவில்லை. காபிக்கடை ஆட்கள் மேகத்தைப் பார்த்தார்கள். சாமியார் செருப்பைப் பார்த்தார். அமாந்தியோ, என் சொந்த மைத்துனன், "குட்மார்னிங் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனான். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. தபால்பெட்டி தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து நடக்கிற தெரு தியோலிந்தா, என் காலடிச் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். நீரூற்றுக்கு வந்ததும் தண்ணீர் குடிக்கிற மாதிரி குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அப்போது இதலீனாவுக்கும் தாங்கவில்லை. ஜன்னலில் இருந்து, "ஏன்யா, சாப்பிட்டியா?" என்று கத்திவிட்டாள். ஒத்திகையைக் கெடுத்துட்டாளே என்று எல்லாரும் அவளைத் திட்டினார்கள், நான் மட்டும் திட்டவில்லை.

அதனால் வா. பத்து நாளும் உன்னை யாருக்கும் தெரியாது, நான் பொறுப்பு, இன்னும் இரண்டு ஒத்திகை பாக்கி இருக்கிறது. ஆனால் நான் ஒரு தெரு நீளம்கூடத் தாங்கவில்லை, நீ என் கூடப் பிறந்தவள். எந்த நாள் உனக்கும் தாங்கவில்லையோ, அன்றைக்கு அந்த நீரூற்றில் நின்று ஒரு வாய் தண்ணீர் குடி, போதும். அதுதான் அடையாளம் என்று ஊருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் உன்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள், சின்னத் தட்டு, சர்க்கரை இல்லாமல். மர வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன், இப்போது விரல் மடங்க மாட்டேன் என்கிறது, மாடு வேறு காத்திருக்கிறது.