மைனஸ் மார்க் போட்ட மகராசி

இரண்டு பேருக்குக் காபி ஊற்றினாலும் டம்ளர்களைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து அளவு பார்ப்பவள் நான். எல்லாம் நியாயமாக இருக்க வேண்டும் என்கிற இந்த வியாதிதான் எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் எங்கள் தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்தது.

எங்கள் தெரு இளைஞர் மன்றம் சடுகுடுப் போட்டி நடத்தியது. எட்டு அணிகள், தோற்றால் வெளியே. பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு போட்டி: ஏழு ஆட்டங்களிலும் யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். அதிக மார்க் எடுப்பவருக்குப் பிரஷர் குக்கர். மார்க் போடும் வேலையை மன்றச் செயலாளரான என் கணவர் என் தலையில் கட்டினார்.

"எம் மருமவ பி.யூ.சி. படிச்சவ. கணக்குல புலி!" என்று மாமியார் எங்கள் நெசவாளர் தெருவில் தறிக்குத் தறி போய்ச் சொல்லிவிட்டார். அந்தப் பேரைக் காப்பாற்ற வேண்டுமே!

மூன்று நாள் யோசித்தேன் (பாப்பாவுக்குப் பிசைந்த பருப்புச் சாதத்தை இரண்டு முறை நானே சாப்பிட்டுவிட்டேன்). எல்லா ஆட்டத்துக்கும் ஒரே மார்க் என்றால் இறுதி ஆட்டத்துக்கு என்ன மரியாதை? ஆகவே முதல் சுற்றுக்கு ஒன்று, அரையிறுதிக்கு இரண்டு, இறுதிக்கு நான்கு. சரி, குருட்டாம்போக்கில் எழுதுகிறவர்களை என்ன செய்வது? தப்பானால் அதே அளவு மைனஸ். தெரியாவிட்டால் காலியாக விடலாம், பூஜ்யம். அப்புறமும் மனசு கேட்காமல், யாரும் பின்னால் திருத்திவிடக் கூடாதென்று சீட்டுகளை எல்லாம் மன்றத்துச் சுவரில் ஒட்டவைத்தேன்.

ஊரே படிக்கிற சுவரில் பக்கத்து ஊர் போளூர் ஜெயிக்கும் என்று எழுத யாருக்குத் துணிச்சல் வரும்? எழுதிய அத்தனை பேரும் கோப்பையை ஆரணிக்கே கொடுத்திருந்தார்கள்.

ஆரணி முதல் ஆட்டத்திலேயே போளூரிடம் மண்ணைக் கவ்வியது. மைனஸ் ஒன்று. ஆடாத அரையிறுதிக்கு மைனஸ் இரண்டு. இறுதிக்கு மைனஸ் நான்கு. மற்ற ஆட்டங்களை எல்லாம் சரியாகச் சொன்ன எதிர்வீட்டு மாணிக்கம் அண்ணனே மைனஸ் இரண்டில்தான் நின்றார்.

ஒரே ஒரு சீட்டுக்கு மட்டும் பூஜ்யம். என் நாத்தனார் விளையாட்டாகப் பெயரை மட்டும் எழுதி ஒட்டிய வெற்றுச் சீட்டு. பெயர், பத்து மாதமே ஆன என் மகளுடையது.

"ஏங்க, இத படிக்காதீங்க."

"நீ போட்ட சட்டம்தானே? இப்ப மாத்தினா இன்னா நியாயம்?" என்று கணவர் மைக்கைப் பிடித்தார். "முதல் பரிசு, பூஜ்யம் மார்க், எங்க பாப்பா!"

"இன்னாம்மா இது?" என்று மாணிக்கம் அண்ணன் எழுந்தார். "மார்க்கு போட்டது அம்மா, ஜெயிச்சது பொண்ணா? நாங்க இன்னா, சுவத்த பாத்துகினு நின்ன பைத்தியமா?"

"பாப்பாவுக்குப் பல்லே நாலு. குக்கரு எதுக்கு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் மைக்கை வாங்கி, மைனஸ் இரண்டைவிடப் பூஜ்யம் ஏன் பெரியது என்று விளக்கினேன். (இதைவிட மோசமான காரியம் இருக்க முடியாது.) கூச்சல் கூடியது. கண் கலங்கிவிட்டது.

மாமியார் எழுந்தார். "தப்புத் தப்பா சொன்ன ஒன்னவிட, வாயே தொறக்காத எம் பேத்தி மேலுதானே மாணிக்கம்?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, மாணிக்கம் அண்ணனும்தான். அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். நியாயமாகப் பங்கு போட்டேன்: குக்கர் மாணிக்கம் அண்ணன் வீட்டுக்கு, மூடி எங்களுக்கு. ஒரு வருடம் அந்த மூடி தெருவைக் குறுக்கே கடந்துகொண்டே இருந்தது.

இன்றும் வீட்டில் எல்லோரும் சண்டை போட, மருமகன் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தால் மகள் சொல்லுவாள்: "விடும்மா, அவருதான் ஃபர்ஸ்ட்."