நின்ற இடமெல்லாம் விற்பனைக்கு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனுக்கு அடுத்தபடியாக மனித குலம் நன்றி சொல்ல வேண்டியது, அந்தச் சக்கரத்துக்கு மேலே தன் முகத்தை ஒட்டிக்கொண்டு ஊரைச் சுற்றியவனுக்குத்தான். முதலாமவன் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. காரணம், அவன் விளம்பரம் செய்துகொள்ளவில்லை. இரண்டாமவன் நான். என் கைபேசி எண் இந்த ஊரில் பால் குடிக்கும் குழந்தைக்குக்கூட மனப்பாடம்.

நான் ஒரு வீட்டுத் தரகன். இந்த வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருப்பதாக எங்கள் மேலாளர் சொல்வார். தரகன் என்று சொல்லக் கூடாது, 'சொத்து ஆலோசகர்' என்று சொல்ல வேண்டும். வீடு என்ற சொல்லோ எங்கள் அலுவலகத்தின் படியையே மிதிக்கக் கூடாது.

"வீடுன்னு சொன்னா விக்கிறவங்களுக்கு அழுகை வரும். சொத்துன்னு சொல்லுங்க, கையெழுத்து வரும்" என்பது அவருடைய போதனை. வாய் தவறி யாராவது 'வீடு' என்று சொல்லிவிட்டால், எழுந்து நின்று 'சொத்து, சொத்து, சொத்து' என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். சாயங்காலம் "வீட்டுக்குக் கிளம்பறேன் சார்" என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் எங்களில் அநேகம் பேர்.

அப்படிப்பட்ட அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் வரலாற்றுச் சிறப்பு மிக்க கூட்டம் நடந்தது. பொருள்: ஆலோசகர்கள் தங்கள் சொந்த வாகனங்களில் விளம்பரம் செய்யலாமா?

"எல்லாரும் மனசு விட்டுப் பேசுங்க" என்றார் மேலாளர். "முடிவு எடுத்தாச்சு. அதனால பயப்படாம பேசலாம்."

எங்களில் மூத்தவர் எழுந்தார். எந்த மனையைக் காட்டினாலும் அது மூலைமனைதான் என்று சாதிப்பவர் என்பதால் அவருக்கு 'மூலைமனை' என்றே பெயர்.

"சார், நான் ரோட்டுல போறப்ப நாலு பேரத் திட்டுவேன். எனக்குன்னு இருக்கற ஒரே பொழுதுபோக்கு அதுதான். வண்டியில மூஞ்சியும் நம்பரும் இருந்தா எப்படி சார் திட்டுறது?"

"திட்டாதீங்க."

"அப்புறம் எதுக்கு சார் சொந்தமா வண்டி?"

'உறுப்பினர் ஒருவர் போக்குவரத்து குறித்துக் கவலை தெரிவித்தார்' என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று. பிறகு மேலாளர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார்.

"முதல் வண்டி உங்களுது. உங்க முகத்துல ஒரு நம்பிக்கை இருக்கு. யாரையும் ஏமாத்துற அளவுக்கு புத்தி இருக்கறவர் மாதிரியே தெரியல."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒன்பது வருடப் பணியில் என் திறமையை அவர் இவ்வளவு நுட்பமாகக் கவனித்து வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

மேலாளரின் வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கன்னங்கரேல் என்று, தலை சீவிக்கொள்ளலாம் போலப் பளபளக்கும். எறும்பு ஏறினாலும் காவலாளியைக் கூப்பிடுவார். அதில் மட்டும் ஒரு பொட்டு ஸ்டிக்கர்கூட ஒட்டப்படவில்லை. தலைமையில் இருப்பவர் எளிமையாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர் செய்த தியாகம் அது.

இரண்டே நாளில் என் வண்டி 'விளம்பர ஊர்தி' ஆயிற்று. பக்கவாட்டில் முழு நீளத்துக்கு என் முகம். பெட்ரோல் மூடி சரியாக என் வாயில் வந்து அமைந்தது. பம்ப்பில் வேலை செய்யும் பெண் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, "சார், வாயத் திறங்க" என்பாள். நானும் உள்ளே கைப்பிடியை இழுத்து வாயைத் திறப்பேன்.

பின் கண்ணாடியில் 'விற்பனைக்கு!' என்று ஓர் அடி உயரச் சிவப்பு எழுத்து. அதற்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அந்த அம்பு என் கைபேசி எண்ணைக் காட்டுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அம்பை ஒட்டி முடித்த பிறகுதான், எண் வர வேண்டிய இடத்தில் வைப்பர் இருப்பதை ஸ்டிக்கர்காரர் கவனித்தார். எண்ணைக் கீழே இறக்கி ஒட்டினார்.

"அப்ப இந்த அம்பு எதைக் காட்டுது?" என்று கேட்டேன்.

"ஓரமா ஏதாவது இருக்கும்ல சார், அதைக் காட்டும்."

"உரிச்சு எடுத்துடலாமா?"

"உரிச்சா பெயிண்டு, கண்ணாடி எல்லாம் சேர்ந்து வரும். அஞ்சு வருஷ கேரண்டி சார்" என்றார் பெருமையாக.

அந்த அம்பின் மகிமையை அன்று நாங்கள் யாரும் உணரவில்லை. வண்டி எங்கே நின்றாலும் சாலையோரத்தில் இருக்கும் கட்டிடத்தை அது காட்டியது. பல் மருத்துவர் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். நான் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்போதே ஒரு தம்பதி வந்து அறையின் நீள அகலம் கேட்டார்கள். காவல் நிலைய வாசலில் நிறுத்தினேன். ஒரு பெரியவர் ஆய்வாளரிடமே போய், "ஜன்னலுக்கெல்லாம் கம்பி நல்லாப் போட்டிருக்கீங்க, திருட்டு பயம் இருக்காதுல்ல?" என்று விசாரித்தார். என் அக்காவின் சொத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். மறுநாள் அவளிடமிருந்து போன் வந்தது.

"எதிர்த்தாப்புல இருக்கறவங்க, எங்ககிட்ட சொல்லாமலே விக்கிறீங்களான்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாங்கடா. தம்பி, நீ தாராளமா வா. ஆனா நடந்து வா."

இதையெல்லாம் புகாராக மேலாளரிடம் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மேதைகள் பிறர் பிழையிலும் கொள்கையைப் பார்ப்பார்கள். அன்று மதியமே சுற்றறிக்கை எண் பதினான்கு வெளிவந்தது: 'விளம்பர ஊர்தி ஓரிடத்தில் நின்றால் குறைந்தது மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். எவர் கேட்டுக்கொண்டாலும், எவ்வளவு கெஞ்சினாலும், அதை நகர்த்தலாகாது.' கீழே மேலாளரின் கையொப்பம். அதை நகலெடுத்து வண்டியிலேயே வைத்துக்கொண்டேன்.

வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் ஊர்தி நின்றது, நான் குடியிருந்த சொத்தின் வாசலில்.

கீழ்த்தளத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நான், என் மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள். மாடியில் உரிமையாளரான அம்மா. நாங்கள் மாடியம்மா என்று கூப்பிடுவோம். என் மனைவி தையல் வேலை செய்கிறாள். முன்னறை ஜன்னலோரம்தான் அவளுடைய இயந்திரம். அந்த வெளிச்சத்தில் மட்டும்தான் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்க முடிகிறது என்பாள். ஒன்பது வருடமாக அந்த ஜன்னல் அவளுடையது.

முதல் வாரம் விசாரிக்க வந்தவர்களை மாடியம்மா விரட்டினார். இரண்டாம் வாரம் உட்கார வைத்து டீ கொடுத்தார். மூன்றாம் வாரம் யாரும் வருவதற்கு முன்பே படிக்கட்டைக் கழுவி வைத்தார். நான்காம் வாரம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நான் விக்கிறதா இல்ல. சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன், என்ன விலை போகும்?" என்றார்.

என் மனைவி அன்றே தையலைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"என்னங்க, வண்டிய அடுத்த தெருவுல நிறுத்துங்க."

"சுற்றறிக்கை இருக்கு."

"சுற்றறிக்கையா நமக்கு வாடகைக்கு விட்டிருக்கு?"

நான் நகர்த்தவில்லை. நம்பிக்கைக்குரிய முகம் என்று பெயர் வாங்கியவன் அவ்வளவு சுலபமாக நகர்த்திவிட முடியுமா? ஐந்தாம் வாரம் மாடியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"எனக்கு மனசே இல்ல தம்பி. ஆனா இத்தனை பேர் ஆசைப்பட்டு வந்து கேக்கும்போது விக்காம இருந்தா மரியாதையா இருக்காது. மகன்கூடப் போய் இருந்துக்கறேன். நீங்களே முன்ன நின்னு முடிச்சுக் கொடுத்துடுங்க."

அலுவலகத்தில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். 'விளம்பர ஊர்தியால் கைமாறும் முதல் சொத்து' என்ற வாசகத்தோடு என் படத்தைச் சுவரில் மாட்டினார் மேலாளர். குடியிருப்பவன் நான்தான் என்பதை வாங்குபவர்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் அறிவுறுத்தினார். அது 'வாடிக்கையாளரைக் குழப்பும்' தகவலாம்.

எனவே ஒரு புதன்கிழமை காலையில் என் வாசல் மணியை நானே அடித்து, ஒரு தம்பதியோடு உள்ளே நுழைந்தேன். என் மனைவி ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப இருக்கறவங்க தொல்லை கொடுக்காம காலி பண்ணுவாங்களா?" என்று அந்தக் கணவர் என் காதில் கேட்டார். காதில்தான் கேட்டார், ஆனால் அது சின்ன அறை.

"தங்கமானவங்க சார்."

"புருஷன் மட்டும் கொஞ்சம் மண்டு" என்றாள் என் மனைவி, தலையை நிமிர்த்தாமல். "மத்தபடி தொல்லை இல்ல."

"அவர் என்ன வேலை பாக்கறாரு?"

"அது அவருக்கே தெரியாதுங்க."

சமையலறைக் கதவைச் சாத்திப் பார்க்க அந்த அம்மாள் ஆசைப்பட்டார். அது சாத்தாது. முழங்காலால் லேசாகத் தூக்கிக்கொடுத்தால்தான் தாழ் விழும். என் மனைவி எழுந்து வந்து செய்து காட்டினாள். அந்த அம்மாள் ஒரு தடவை முயன்று தோற்று, இரண்டாவது தடவை சாத்திவிட்டுச் சிரித்தார். ஒன்பது வருடமாக எங்கள் மூன்று பேரின் முழங்காலுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. என் முழங்கால் தானாக எழும்பியது. ஓர் ஆலோசகரின் முழங்கால் அப்படி எழும்பக் கூடாதுதான். ஆனாலும் எழும்பியது.

"இந்தச் சொத்துக்குன்னு இப்படிச் சில தனிச்சிறப்பெல்லாம் இருக்கும்மா" என்று சமாளித்தேன்.

என் மனைவி முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சொத்து இல்லீங்க. இது வீடு" என்றாள், முன்பின் தெரியாத ஆளிடம் சொல்வது போல.

மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வாடகைக்கு இடம் தேடிப் புறப்பட்டோம். ஊரில் இருக்கும் காலி இடமெல்லாம் விரல் நுனியில் தெரிந்த எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கதவைத் திறப்பவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு வண்டியைப் பார்ப்பார்கள்.

"நீங்க குடி வர்றீங்களா, விக்க வர்றீங்களா?"

ஓர் இடத்தில் எல்லாம் பேசி முடித்துவிட்டு வெளியே வந்தால், யாரோ ஒருவர் டேப் வைத்துக் கேட்டை அளந்துகொண்டிருந்தார். உரிமையாளர் சாவியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். வேறு வழியில்லாமல் மேலாளரிடம் போய் நின்றேன்.

"சார், ஸ்டிக்கரச் சுரண்டி எடுத்துடறேன் சார். பெயிண்டு போனாலும் பரவாயில்ல."

"ஸ்டிக்கர் போனா வேலையும் போகும்."

"குடியிருக்க ஒரு வீடு கிடைக்க மாட்டேங்குது சார்."

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "என்ன சொன்னீங்க?"

நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன். சொத்து, சொத்து, சொத்து என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதை என் மனைவியிடம் அப்படியே சொன்னேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உங்க மேலாளர் வண்டியில என்ன ஒட்டியிருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"அவரு எங்க இருக்காரு?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வெள்ளைச் சுவரும் மரக் கேட்டும் உள்ள ஓர் இரண்டு மாடிச் சொத்தின் வாசலில் ஊர்தி நின்றது. பின் இருக்கையில் தையல் இயந்திரமும், அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என் மனைவியும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னதாகவே இறங்கிக்கொள்ளும் என் மகள், அன்று கேட்டு வாங்கிக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். அம்பு தன் கடமையைச் செய்தது. பத்து நிமிடத்தில் முதல் தம்பதி வந்தார்கள். பிறகு டேப்போடு ஒருவர். பிறகு மாமியார், மருமகள், மைத்துனர் என்று ஒரு குடும்பமே வந்து தண்ணீர் வசதியை விசாரித்தது.

மேலாளர் பனியனோடு ஓடி வந்தார்.

"யோவ், வண்டிய எடுய்யா!"

"இருபது நிமிஷம்தான் சார் ஆகுது" என்று சுற்றறிக்கை நகலை நீட்டினேன். "எவ்வளவு கெஞ்சினாலும் எடுக்கக் கூடாதாம். உங்க கையெழுத்து சார்."

அவர் அதைக் கிழிப்பதற்குள் உள்ளேயிருந்து அவருடைய மனைவி வந்துவிட்டார். வந்திருந்த குடும்பத்தைப் பார்த்து, "மேல மூணு ரூம் இருக்கு, வந்து பாருங்க" என்று கேட்டை அகலமாகத் திறந்துவிட்டார். "படியேற முடியலன்னு நானும் எத்தனை வருஷமா இவர்கிட்ட தலையால அடிச்சுக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். என்ன விலை போகும்?" என்றார்.

மேலாளர் இரண்டு கைகளாலும் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"யாரும் உள்ள போகாதீங்க! இது என் வீடு! பார்த்துப் பார்த்துக் கட்டினதுய்யா, என் வீடு!"

குரல் உடைந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அவருடைய போதனை எவ்வளவு பெரிய உண்மை என்பதை அன்றுதான் நான் நேரில் கண்டேன். பக்தியோடு வண்டியை விட்டு இறங்கி, கைகட்டி நின்றேன்.

பின்னால் கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது.

"என்னங்க" என்றாள் என் மனைவி. "அவர் நின்னுக்கிட்டுதானே இருக்காரு. மூணு தடவ சொல்லச் சொல்லுங்க."